பில்லில் பிடித்த 2 சதவீதம் எங்கே போனது?

கேள்வி: வணக்கம் சார். கோவைப் பக்கம் சென்ட்ரிங் வேலையை (கான்கிரீட் போட அச்சு அடிக்கும் வேலை) லேபர் காண்ட்ராக்ட்டாக எடுத்துச் செய்கிறேன். ஷீட், ஜாக்கி எல்லாம் கம்பெனியுடையது, ஆட்கள் மட்டும் என்னுடையவர்கள், பன்னிரண்டு பேர். மூன்று வருடமாக ஒரே கட்டுமான கம்பெனிக்குத்தான் வேலை, எல்லாம் அடுக்குமாடிக் கட்டடம். 2024-25-இல் மொத்தம் 38 லட்சத்துக்கு பில் போட்டேன். ஒவ்வொரு பில்லிலும் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று 2 சதவீதம், ரிட்டென்ஷன் (பிறகு தருவதாக நிறுத்தி வைக்கும் தொகை) என்று 5 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் பேங்கில் போடுகிறார்கள். கூலி, வண்டி, சாப்பாட்டுச் செலவு போக மாதம் 35 ஆயிரம் எனக்கு நிற்கும். பிடித்ததற்கு சர்டிபிகேட் கேட்டால் ‘ஆடிட்டரிடம் இருக்கிறது’ என்ற பதில்தான். இதுவரை வருமான வரி ரிட்டர்ன் போட்டதில்லை. போட்டால் 38 லட்சத்துக்கும் வரி கேட்பார்கள், வம்பை விலைக்கு வாங்காதே என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். பிடித்த பணம் திரும்ப வருமா? கம்பி கட்டும் வேலையை இன்னொரு குரூப்புக்கு விட்டிருக்கிறேன், அவர்களுக்கு நானும் பிடிக்க வேண்டுமா? பில்லை 30 ஆயிரத்துக்குள் உடைத்துப் போட்டால் பிடிக்க மாட்டார்கள் என்கிறார் சைட் இன்ஜினியர். செய்யலாமா?

பதில்: பணம் வரும். ஆனால் தானாக வராது. நீங்கள் ரிட்டர்ன் போட்டால்தான் வரும், அதற்குக் காலக்கெடு உண்டு. இதை நான் 2025 கடைசியில் எழுதுகிறேன்; 2024-25-க்கான ரிட்டர்னைப் போட கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதனால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த 2 சதவீதம். நீங்கள் அதைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஒப்பந்த வேலைக்குப் பணம் கொடுக்கும்போது வரி பிடிக்கச் சொல்வது வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு. பணம் வாங்குகிறவர் தனிநபர் என்றால் 1 சதவீதம். கூட்டு நிறுவனம், கம்பெனி என்றால் 2 சதவீதம். நீங்கள் தனி ஆளாகத்தான் தொழில் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லெட்டர்பேடில் ‘கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கலாம், அதனால் நீங்கள் நிறுவனமாகிவிட மாட்டீர்கள். பான் கார்டை எடுத்து நான்காவது எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்று இருந்தால் தனிநபர், பிடிக்க வேண்டியது 1 சதவீதம்தான். ‘எஃப்’ என்று இருந்தால் கூட்டு நிறுவனம், அப்போது 2 சரி.

‘பி’ என்று இருந்தும் 2 பிடித்தார்கள் என்றால் மூன்று காரணம் இருக்கலாம். கணக்குப் பிரிவில் உங்கள் லெட்டர்பேடைப் பார்த்து நிறுவனம் என்று தவறாகப் பதிந்திருக்கலாம். அப்படியென்றால் 76 ஆயிரமும் உங்கள் பெயரில் அரசிடம் கட்டப்பட்டிருக்கும், பயமில்லை, மொத்தத்தையும் திரும்பக் கேட்கலாம். இரண்டாவது, 1 சதவீதம் டிடிஎஸ், இன்னொரு 1 சதவீதம் கட்டடத் தொழிலாளர் நல வாரிய செஸ் (கூடுதல் வரி) என்று சேர்த்துப் பிடித்துவிட்டு, பில்லில் ஒரே வரியாக ‘டிடிஎஸ்’ என்று எழுதியிருக்கலாம். அந்த செஸ் கட்டுமானத்தை நடத்துகிறவர் கட்ட வேண்டியது. வொர்க் ஆர்டரில் நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் லேபர் பில்லில் கழித்திருந்தால் அதை நீங்கள் கேள்வி கேட்கலாம். மூன்றாவது காரணத்தைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களிடம் 2 பிடித்துவிட்டு அரசிடம் 1 மட்டும் கட்டியிருக்கலாம், அல்லது எதுவுமே கட்டாமல் இருக்கலாம்.

எது நடந்தது என்று கண்டுபிடிக்க கம்பெனியின் ஆடிட்டரைத் தேடிப் போக வேண்டாம். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு பதிவு செய்து உள்ளே போனால் ‘26ஏஎஸ்’ என்று ஒரு படிவம் இருக்கும். உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது அதில் வரும். மகனோ மகளோ போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கம்பெனியின் பெயர், அவர்களுடைய டான் எண் (வரி பிடிக்கிறவருக்கான எண்), பிரிவு 194சி, உங்களுக்குக் கொடுத்ததாகக் காட்டிய தொகை, பிடித்த வரி, கட்டிய வரி என்று வரிசையாக இருக்கும். நிலை என்ற கட்டத்தில் ‘எஃப்’ என்று இருந்தால் கணக்கு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். ‘யு’ என்று இருந்தால் அவர்கள் கணக்கில் காட்டியும் கட்டிய பணத்தோடு ஒத்துப்போகவில்லை.

இந்தப் படிவத்தையும் உங்கள் பில் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பில்லாகச் சரிபாருங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. நான் பார்த்தவரை, விடுபடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பில்கள்தான். மார்ச் மாதம் பிடித்த வரியைக் கட்ட கம்பெனிக்கு ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. மற்ற மாதங்களுக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதி. காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 என்று நான்கு கெடு. அதிலிருந்து 15 நாளுக்குள் உங்களுக்கு 16ஏ என்ற சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ‘ஆடிட்டரிடம் இருக்கிறது’ என்பது சட்டப்படி பதிலே இல்லை. 16ஏ அவர்கள் தயவில் தரும் காகிதமல்ல, உங்களுக்குச் சேர வேண்டியது.

26ஏஎஸ்-இல் 38 ஆயிரம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு 38 ஆயிரம் என்ன ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால் பதில் வரும். பில் எண், தேதி, பிடித்த தொகை, படிவத்தில் வந்த தொகை என்று நான்கு பத்தி போட்ட ஒரு தாள் போதும், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வரி என்ற பெயரில் பிடித்ததை ஒன்று உங்கள் பான் எண்ணில் கட்டித் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்யட்டும், இல்லையென்றால் உங்களிடமே திருப்பித் தரட்டும். நடுவில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் அவர்களுக்கு மாதம் ஒன்றரை சதவீத வட்டி. வேண்டிய வரியைப் பிடித்துக் கட்டாவிட்டால் உங்களுக்குக் கொடுத்த தொகையில் 30 சதவீதத்தை அவர்கள் தங்கள் செலவாகக் கழிக்க முடியாது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது தெரியும். நீங்களும் தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும், பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

நடக்காவிட்டால்? சட்டத்தின் 205-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. உங்களிடம் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்தவர் கட்டவில்லை என்பதற்காக அதே வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது. பிடித்ததற்கு ஆதாரமாக கம்பெனி முத்திரை போட்ட பில், அந்த பில்லுக்குக் குறைந்து வந்த தொகையைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 205 உங்களை வரிக் கேட்பிலிருந்துதான் காப்பாற்றும். அரசிடம் வந்தே சேராத பணத்தை ரீஃபண்டாக வாங்குவது வேறு கதை. கணினி 26ஏஎஸ்-இல் இருப்பதைத்தான் பார்க்கும். டிடிஎஸ் பிரிவு அதிகாரிக்கு மனு கொடுத்துத் தொடர வேண்டியிருக்கும், நாளாகும். அதனால்தான் வருடக் கடைசி வரை காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் படிவத்தைப் பார்க்கச் சொல்கிறேன். அடுத்த தளத்துக்கு ஆள் இறக்குவதற்கு முன் கேட்டால் கிடைக்கும் மரியாதை, வேலை முடிந்து செட்டிலான பிறகு கேட்டால் கிடைக்காது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, ரிட்டர்ன் பற்றிய பயத்துக்கு வருவோம். 38 லட்சம் உங்கள் வருமானம் அல்ல, வரவு. அதில் பெரும்பகுதி சனிக்கிழமை கூலியாக ஆட்கள் கைக்குப் போய்விடுகிறது. வரி என்பது உங்களுக்கு மிஞ்சுவதன் மேல்தான். உங்களைப் போன்ற சிறு தொழில் செய்கிறவர்கள் முழுக் கணக்குப் புத்தகம் எழுதி ஆடிட் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகவே 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வருட வரவு 2 கோடிக்குள் இருந்தால், பேங்க் மூலம் வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதமும், ரொக்கமாக வந்ததில் குறைந்தது 8 சதவீதமும் லாபம் என்று காட்டி ஐடிஆர்-4 படிவத்தில் ரிட்டர்ன் போடலாம். கூலி ரசீது ஒவ்வொன்றையும் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

எந்தத் தொகையை வரவாகக் காட்டுவது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் பேங்குக்கு வந்தது 38 லட்சம் இல்லை. 2 சதவீதம் 76 ஆயிரம், ரிட்டென்ஷன் 1 லட்சத்து 90 ஆயிரம் போக 35 லட்சத்து 34 ஆயிரம்தான் வந்திருக்கும். பாஸ்புக்கைக் கூட்டி 35 லட்சத்து 34 ஆயிரம் என்று ரிட்டர்னில் போட்டால் தவறு. கம்பெனி முழு பில் தொகையையும் உங்களுக்குத் தர வேண்டியதாகக் கணக்கில் ஏற்றியிருந்தால் 26ஏஎஸ்-இல் 38 லட்சம் என்றுதான் வரும். நீங்கள் குறைத்துக் காட்டினால் ரிட்டர்னில் குறை இருக்கிறது என்று நோட்டீஸ் வரும், ரீஃபண்ட் நின்றுவிடும். பிடித்த வரி உங்களுடைய பணம், அதுவும் வரவுதான். ரிட்டென்ஷனும் நீங்கள் செய்து முடித்த வேலைக்கான பணம். 38 லட்சமே காட்டுங்கள். இந்த ரிட்டென்ஷன் பிறகு கைக்கு வரும்போது அந்த வருட வரவில் மறுபடி சேர்த்துவிடாமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6 சதவீதச் சலுகை கிடைக்க, பணம் அந்த வருடத்துக்குள்ளோ ரிட்டர்ன் போடுவதற்கான முதல் கெடுவுக்குள்ளோ பேங்க் வழியாக வந்திருக்க வேண்டும். 2024-25-க்கு அந்தக் கெடு 2025 செப்டம்பர் 16-உடன் முடிந்துவிட்டது. ரிட்டென்ஷன் அதற்குள் வரவில்லை என்றால் அந்த 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மட்டும் 8 சதவீதம் போட வேண்டும். மொத்தத்தில் குறைந்தபட்ச லாபம் 2 லட்சத்து 32 ஆயிரம் அளவுக்கு வரும். நிறையப் பேர் இதை எழுதிவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள்.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. மாதம் 35 ஆயிரம் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். சட்டம் சொல்வதும், 6 சதவீதத்தைவிட உண்மையில் அதிகம் சம்பாதித்திருந்தால் அதைக் காட்டு என்றுதான். அதைக் காட்டினால் என்ன ஆகும் பாருங்கள். 2024-25-க்குப் புதிய வரி முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 5 சதவீதம், 6 ஆயிரம் ரூபாய். வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் அந்த 6 ஆயிரமும் 87ஏ பிரிவில் தள்ளுபடி. கட்ட வேண்டிய வரி பூஜ்யம். உள்ளதை உள்ளபடி சொல்லியும் ஒரு ரூபாய்கூட வரியில்லை, பிடித்த வரி முழுவதும் திரும்பி வரும். நாளைக்கு ஷீட், ஜாக்கி சொந்தமாக வாங்க பேங்கில் கடன் கேட்டால் முதலில் கேட்பது மூன்று வருட ரிட்டர்ன்தான். 2 லட்சத்து 32 ஆயிரம் காட்டிய ரிட்டர்னை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் என்ன பேச முடியும்? 2025-26-க்கு இந்தத் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டது. தொழில் இரண்டு மடங்காக வளர்ந்தாலும் உங்களுக்கு வரி வராது. இப்படி இருக்கும்போது எதற்காக ஒளிய வேண்டும்?

இன்னொன்று, ரிட்டர்ன் போடாமல் இருப்பது உங்கள் விருப்பம் என்று நினைக்காதீர்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், ஒரு வருடத்தில் பிடிக்கப்பட்ட வரி 25 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் ரிட்டர்ன் கட்டாயம். மூத்த குடிமக்களுக்கு இது 50 ஆயிரம். உங்களுக்கு 38 ஆயிரமோ 76 ஆயிரமோ, எப்படிப் பார்த்தாலும் தாண்டிவிட்டது. முதல் கெடு முடிந்துவிட்டதால் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் அது 5,000 ஆகும். ஆயிரம் போனால் போகட்டும்.

போடுவதற்கு முன் பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா, உங்கள் பேங்க் கணக்கு இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் ரீஃபண்ட் நகராது. போட்டு முடித்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, ரிட்டர்ன் போட்டும் போடாத கணக்கில் நின்றவர்கள் உண்டு. 44ஏடி-யில் நுழைந்துவிட்டால் தொடர்ந்து ஐந்து வருடம் அதிலேயே இருப்பது நல்லது. இடையில் வெளியேறினால் அடுத்த ஐந்து வருடம் அந்தச் சலுகை கிடைக்காது, கணக்குப் புத்தகம், ஆடிட் என்று போக வேண்டியிருக்கும்.

முந்தைய இரண்டு வருடத்துக்கும் பிடித்திருப்பார்களே என்று கேட்பீர்கள். 2022-23, 2023-24 ரிட்டர்ன்களுக்குச் சாதாரண வழியில் கெடு முடிந்துவிட்டது. ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள், அது கூடுதல் வரி கட்டுகிறவர்களுக்கானது, ரீஃபண்ட் கேட்க அதில் இடமில்லை. உங்களுக்கு இருக்கும் வழி, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி முதன்மை ஆணையருக்கு 119-ஆம் பிரிவில் மனுப் போடுவது. மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடம் வரை இதற்கு அனுமதி உண்டு. 2022-23-க்கு 2029 மார்ச் வரை நேரம் இருக்கிறது. ஏன் போடவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தை எழுத வேண்டும். சர்டிபிகேட் கேட்டும் தரவில்லை என்பது நல்ல காரணம்தான், கேட்டதற்கு ஆதாரம் இருந்தால். மனு ஏற்கப்படும் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் வருடத்துக்கு முப்பது, நாற்பது ஆயிரம் என்பது உங்கள் ஒரு மாத உழைப்பு. நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பிடித்து முயற்சி செய்து பாருங்கள்.

கம்பி கட்டும் குரூப்புக்கு நீங்கள் பிடிக்க வேண்டியதில்லை. தனிநபர் ஒருவர் பிடிக்க வேண்டும் என்றால் முந்தைய நிதியாண்டில் அவருடைய தொழில் வரவு 1 கோடியைத் தாண்டியிருக்க வேண்டும். நீங்கள் அங்கே இல்லை. உங்களிடம் தினக்கூலிக்கு வரும் ஆட்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அது கூலி, ஒப்பந்தமல்ல. ஆனால் அந்தக் குரூப் தலைவரிடம் ஒன்று சொல்லுங்கள்: என்றைக்காவது அவர் நேரடியாகக் கம்பெனிக்கு வேலை எடுத்தால் முதல் நாளே பான் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்கச் சட்டம் சொல்கிறது. லேபர் வேலையில் 20 சதவீதம் போனால் கைக்காசு போட்டுத்தான் கூலி கொடுக்க வேண்டும்.

பில்லை உடைப்பதால் பயனில்லை. ஒரு பில் 30 ஆயிரத்துக்குள் இருந்தால் பிடிக்க வேண்டாம் என்பது பாதி விதி. ஒரே ஆளுக்கு வருடத்தில் கொடுத்தது மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. நீங்கள் முதல் மாதத்திலேயே 1 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். தம்பி பெயரில், மனைவி பெயரில் பில் போடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள். வேலை செய்யாதவர் பெயரில் வருமானம் ஏறும், பின்னால் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேங்க் டெபாசிட்டுக்குக் கொடுக்கும் 15ஜி படிவமும் ஒப்பந்த வேலைக்குப் பொருந்தாது. பிடிப்பைக் குறைக்கச் சட்டப்படி உள்ள வழி, படிவம் 13-இல் விண்ணப்பித்து 197-ஆம் பிரிவில் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்குவது. 1 சதவீதத்துக்காக அந்த அலைச்சல் தேவையா என்று கேட்டால், உங்கள் அளவில் தேவையில்லை என்பேன். வருடம் தவறாமல் ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் சில மாதத்தில் திரும்பிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டும் வேலைக்கு ஆட்கூலி மட்டும் எடுத்தால் விலக்கு உண்டு. கம்பெனி கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அந்த விலக்கு கிடையாது, வரி 18 சதவீதம். உங்கள் வரவு 38 லட்சம், எல்லாம் அடுக்குமாடி. பதிவு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வருமான வரித் துறையிடம் இருக்கும் 26ஏஎஸ் விவரத்தை வைத்து ஜிஎஸ்டி துறை நோட்டீஸ் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதனால் ரிட்டர்ன் போடாமல் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும், கம்பெனி கட்டிய வரியோடு சேர்ந்து அந்த 38 லட்சம் ஏற்கெனவே அரசின் கணினியில் இருக்கிறது.

உடனே பதிவு எடுங்கள். எடுத்த பிறகு பில் தொகையோடு 18 சதவீதம் தனியாகச் சேர்த்துப் போடுவீர்கள். அதைக் கம்பெனிதான் தர வேண்டும். ஒப்பந்தக் கம்பெனியாக இருந்தால் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளவும் முடியும், அதனால் பெரிதாக மறுக்க மாட்டார்கள். ஜிஎஸ்டியை பில்லில் தனி வரியாகக் காட்டினால் அந்தத் தொகைக்கு டிடிஎஸ் பிடிக்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய நேரடி வரி வாரியம் சொல்லிவிட்டது. ஒரே தொகையாகச் சேர்த்து எழுதினால் அதற்கும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். கடந்த வருடங்களில் 20 லட்சத்தைத் தாண்டிய வேலைக்கு என்ன செய்வது என்பது பில்களைப் பார்க்காமல் சொல்லக் கூடியதல்ல. எந்த பில் எந்தக் கட்டடத்துக்கு என்று பிரித்து எடுத்துக்கொண்டு ஓர் ஆடிட்டரை நேரில் பாருங்கள். நோட்டீஸ் வருவதற்கு முன் நாமாகப் போவதற்கும், வந்த பிறகு போவதற்கும் கட்ட வேண்டிய தொகையில் வித்தியாசம் இருக்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. 194சி என்ற எண் போய், பிடிப்புகள் எல்லாம் 393-ஆம் பிரிவுக்குள் அடங்கிவிடும். உங்களுக்கான 1 சதவீதம், 30 ஆயிரம், 1 லட்சம் ஆகியவை அப்படியே இருக்கின்றன. எண் மாறியதைக் காட்டி யாராவது ‘இப்போது விகிதம் வேறு’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்த வேலைக்கு வொர்க் ஆர்டர் வாங்கும்போது சதுர அடி ரேட்டைப் பேசுவதோடு மூன்று விஷயங்களையும் எழுதி வாங்குங்கள். டிடிஎஸ் 1 சதவீதம், வேறு எந்தப் பிடிப்பும் தனி வரியில் அதன் பெயரோடு. ஒவ்வொரு காலாண்டுக்கும் 16ஏ, கெடு முடிந்த 15 நாளுக்குள். ரிட்டென்ஷன் 5 சதவீதம் எந்தத் தேதியில், எந்த நிபந்தனை முடிந்ததும் வரும் என்பது. உங்கள் கடிதத்தில் 1 லட்சத்து 90 ஆயிரம் எப்போது வரும் என்று எங்கேயும் இல்லை. வொர்க் ஆர்டரிலும் அது இல்லை என்றால், டிடிஎஸ் தாளோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் இந்த வாரமே கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.